பெரியவங்க கால் வீக்கமும் ரத்த ஓட்டமும்: பொழுதோட சாப்பாட்டுல என்ன மாத்தறதுங்க?

அடுப்படி_கோபி

வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலுக்கான கேள்வி. மொத்தம் 20 பேரு, வயசு 65-ல இருந்து 84 வரைக்கும். தறி ஓட்டுனவங்க, பனியன் கம்பெனியில நின்னுக்கிட்டே வேலை பார்த்தவங்க, காட்டு வேலை செஞ்சவங்க. பாதிப் பேருக்குச் சக்கரை, முக்காவாசிப் பேருக்கு பிபி மாத்திரை.

பொழுதானா ஏழெட்டுப் பேருக்குக் கணுக்கால் வீங்கிக்குது. ரெண்டு ஆத்தாமாருக்கு ராத்திரி கெண்டைக்கால் சுண்டி இழுக்குது. ஒரு அப்பாரு நூறடி நடந்தா கால் கடுக்குதுன்னு நின்னுக்கறாரு, கொஞ்ச நேரம் நின்னா சரியாயிருதுங்கறாரு.

இப்ப நடக்கறது: 4.30-க்கு டீ, கூட மிக்சர் இல்லீனா வறுக்கி. 8 மணிக்கு இட்லி, தோசை, சந்தகை, அரிசிம்பருப்புச் சோறு இதுல ஏதாச்சும் ஒண்ணு. தேங்காச் சட்னி, ஊறுகாய், அப்பளம் கூட இருக்கும். 9.30-க்கு மஞ்சப் பால். சாப்பிட்டு முடிச்சதும் நாலஞ்சு பேரு வெத்தல போடுவாங்க, அதுல மூணு பேரு பொயிலையோட.

ராத்திரி கொள்ளு குடுக்கலாமுங்களா, சூடுன்னு சொல்றாங்களே? மஞ்சப் பாலும் பூண்டுப் பாலும் அடைப்பை எடுக்குமா? உப்பு ஆளுக்கு எவ்வளவு? கீரை ராத்திரி ஆகாதுங்கறது நெசமா? அளவோட சொன்னா அப்படியே அடுப்படியில எழுதி ஒட்டிக்கலாம்.

---

உணவியல்_ஈரோடு

சமையலுக்குப் போறதுக்கு முந்தி ஒண்ணு. உங்க இல்லத்துல இருக்கறது ஒரே கால் நோவு இல்லீங்க. 'ரத்த ஓட்டம் சரியில்ல'ங்கற ஒரே பேச்சுக்குள்ள எல்லாத்தையும் போட்டு அடைச்சுடறோம், தப்பு அங்கதான் ஆரம்பிக்குது.

இதயத்துல இருந்து காலுக்கு இறங்கற குழாய் தமனி. கால்ல இருந்து மேல திரும்பற குழாய் சிரை. தமனி அடைச்சா நடக்கும்போது கெண்டைக்கால் கடுக்கும், நின்னா சில நிமிஷத்துல விட்டுரும். பாதம் சில்லுன்னு இருக்கும், முழங்காலுக்குக் கீழ முடி கொட்டித் தோல் பளபளன்னு ஆகும், விரல் நுனியில புண்ணு வந்தா ஆறாது. சிரை தளர்ந்துட்டா கதை நேர்மாறு. காலையில கால் சாதாரணமா இருக்கும், பொழுதோட வீங்கும், கனக்கும், தூக்கி வெச்சா இறங்கும். நாள்பட்டா உள்கணுக்கால் பக்கம் தோல் பழுப்பாகி அரிக்கும், புண்ணும் அங்கதான் வரும். மூணாவது நரம்பு: சக்கரையால வர்ற எரிச்சல், குத்தல், பஞ்சு மேல நடக்கற மாதிரி மரமரப்பு. அது படுத்தா அதிகமாகும், நடைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.

நம்மூர்ல புடைச்சுச் சுருண்ட சிரையையும் 'நரம்பு சுருட்டல்'னுதான் சொல்றோம், ஊசி ஏத்தறதும் 'நரம்புல'தான். இந்த ஒரு சொல் செய்யற குழப்பம் கொஞ்ச நஞ்சம் இல்லை. சிரை வீங்கினவங்களுக்கு 'நரம்பு மாத்திரை'ன்னு பி12 வாங்கிக் குடுத்துட்டு வீக்கம் குறையலைன்னு காத்திருப்பாங்க. பி12 பார்க்க வேண்டியவங்க வேற ஆளுங்க: மெட்பார்மின்ங்கற சக்கரை மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிடறவங்க, பால், முட்டை, கறி எதையும் பெருசாத் தொடாதவங்க. ரத்தத்துல அளவு பார்த்துட்டுக் குடுக்கறதுதான் முறை.

நூறடியில நின்னுக்கற அப்பாரை முதல்ல மருத்துவர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. சாப்பாட்டை மாத்திப் பார்த்துட்டுப் போகலாம்னு விடற சங்கதி இல்லை அது. கணுக்கால்லயும் கையிலயும் பிபி எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால வகுப்பாங்க. 0.9 அல்லது அதுக்குக் கீழ வந்தா தமனியில அடைப்பு. சக்கரை நாள்பட்டவங்களுக்குத் தமனிச் சுவரு கெட்டிப்பட்டுக் கணக்கு அதிகமாக் காட்டும், அப்ப கால் பெருவிரல்ல அளக்கச் சொல்லுவாங்க. பெருந்துறை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போனா வழி சொல்லுவாங்க.

இனி சாப்பாடு. எந்த உணவும் ஏற்கெனவே இருக்கற அடைப்பைக் கரைக்காது. பூண்டு, மஞ்சள், இஞ்சி, கொள்ளு எதுவும் கரைக்காது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது நமக்குப் பெருமைதான், அதுக்காக அது தமனியைத் தூர் வாராதுங்க. மஞ்சப் பால் குடுக்கறதுல தப்பில்லை, ஆளுக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல வேண்டாம், சக்கரையும் வேண்டாம். நாட்டுச் சக்கரை, கருப்பட்டி போட்டா ஏறாதுன்னு நினைக்காதீங்க, ரத்தத்துல அதுவும் சக்கரைதான்.

பொழுதோட சாப்பாட்டால நெசமா மாறக்கூடியது முதல்ல உப்பு. பகல் முழுக்கக் காலுக்கு இறங்கின நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பும். ராத்திரி மூணு தடவை ஒண்ணுக்குப் போறதுக்கு அது ஒரு முக்கியமான காரணம். அந்த நேரத்துல அப்பளம், ஊறுகாய், மிக்சர்னு உப்பை ஏத்தினா உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், பிபியும் ஏறும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது எல்லா வேளைக்கும் சேர்த்து ஒரு சின்ன தேக்கரண்டி. கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு எல்லாம் எடைக்கு எடை கிட்டத்தட்ட ஒண்ணுதான். இந்துப்புன்னு தாராளமாப் போடறது, உப்பைக் குறைக்காம விடறதை விட மோசம், மனசு சமாதானமாகிடுதே!

ரெண்டாவது புரதம். பல்லு போனவங்க ராத்திரி ரெண்டு இட்லியும் ரசஞ்சோறுமா நிறுத்திக்கறாங்க. புரதம் ரொம்பக் குறைஞ்சு ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரதம் இறங்கினா வீக்கம் கூடும், கெண்டைக்கால் சதையும் கரையும். அந்தச் சதை சுருங்கி விரியறதாலதான் சிரை ரத்தம் மேல ஏறுது. 50 கிலோ எடை இருக்கறவங்களுக்கு நாளைக்கு 50 கிராமாவது புரதம் வேணும், சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்களுக்கு மட்டும் மருத்துவர் சொல்ற அளவு.

கொள்ளு அதுக்குத் தோது. 100 கிராம்ல 22 கிராம் வாக்குல புரதம் இருக்கு, ஆளுக்கு 30 கிராம் போட்டா ஆறரை கிராம். 'சூடு'ங்கறது பெரும்பாலும் வாயுவும் நெஞ்செரிச்சலுந்தான். காலையில ஊறப் போட்டு 8 மணி நேரம் ஊறினதும் அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில குழைய வேக வையுங்க. ஊறவும் வேகவும் விடாம அவசரத்துல செய்யறப்பதான் பொருமிக்கும். பருப்பைக் கடைஞ்சு சோத்துக்கு, வேக வெச்ச தண்ணியை ரசத்துக்கு. சிறுநீரகம் பாதிச்சவங்க, யூரிக் அமிலம் கூடின மூட்டுவலிக்காரங்களுக்கு மட்டும் கேட்டுட்டுக் குடுங்க.

கீரை ராத்திரி ஆகாதுங்கறதுக்குக் காரணம் அந்தக் காலத்துல விளக்கு வெளிச்சத்துல பூச்சி தெரியாது, செரிக்கறதுக்கும் நேரமாகும்ங்கறது. ஏழு மணிக்கு நல்லா வெந்த கீரைக் கடைசல் குடுத்தா ஒண்ணும் ஆகாது. தண்டுக்கீரை, பீட்ரூட் மாதிரி காய்கள்ல இருக்கற நைட்ரேட்டு வாயில இருக்கற நுண்ணுயிரால மாறி, குழாய்ச் சுவரைத் தளர்த்தற வாயுவா ஆகுது. கிருமி கொல்ற வாய்க்கழுவு திரவத்தை ராவும் பகலும் கொப்பளிக்கறவங்களுக்கு அந்த வேலை நடக்கறதில்லைங்கறது ஒரு வேடிக்கை. இதனால பிபி கொஞ்சம் இறங்கலாம், அடைப்பு போகாது.

தேங்காப் பாலு ஊத்துன சந்தகை மாசத்துக்கு ரெண்டு தடவை போதும். தினத்துக்கும் தேங்காச் சட்னின்னு வெச்சிருக்கறதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொத்தமல்லியோ தக்காளியோ கடலையோ ஆக்குங்க. சாயங்காலம் வறுக்கிக்குப் பதிலா சுண்டல் 40 கிராம், இல்லாட்டி வேக வெச்ச நிலக்கடலை ஒரு கைப்பிடி, உப்பு கம்மியா. பேக்கரி பப்ஸும் ரோட்டுக்கடைக் காளானும் ஒறம்பரை வாங்கிட்டு வந்தா ஒரு வாய் தின்னுட்டுப் போகட்டும், அட்டவணையில வேண்டாம்.

நேரம்: 8 மணியை 7-க்குக் கொண்டு வாங்க. படுக்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் ரெண்டு, மூணு மணி நேரம் இருக்கட்டும்.

கடைசியா, நீங்க போற போக்குல சொன்ன அந்தப் பொயிலை. இவ்வளவு நேரம் நான் எழுதின எல்லாத்தையும் சேர்த்து வெச்சாலும் அதை நிறுத்தறதுக்கு ஈடாகாது. பீடி, சிகரெட்டு தமனி அடைப்புக்கு நேர் காரணம். வாயில அடக்கற பொயிலையில இருக்கற நிக்கோட்டினும் குழாயைச் சுருக்கும். வெத்தலை, பாக்கோட பழக்கத்தை ஒரே நாள்ல பிடுங்க முடியாது. முதல்ல பொயிலையை எடுத்துட்டு, வெத்தலையில சோம்பு, ஏலக்காய் வெச்சுக் குடுங்க. பாக்கையும் அப்புறமா குறைக்கணும், அது வாய்க்கு ஆகாது.

---

மருந்துச்சீட்டு

மேல சொன்னதுல ஒரு இடத்துல எச்சரிக்கை வேணும். 8 மணிச் சாப்பாட்டை 7-க்கு மாத்தறது கேக்க நல்லா இருக்கு. ஆனா ராத்திரி இன்சுலின் போடறவங்க, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சக்கரை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, மருந்து பழைய நேரத்துலயே இருந்து சாப்பாடு மட்டும் முன்னாடி போச்சுன்னா விடியக்காலையில சக்கரை இறங்கிரும். வயசானவங்களுக்கு அது வேர்த்துக் கொட்டறதாத் தெரியாது. குழப்பமாப் பேசுவாங்க, எந்திரிக்கும்போது விழுவாங்க. 7 மணிக்கு மாத்தினா மருந்தும் சாப்பாட்டோடயே நகரணும், மருத்துவர்கிட்டச் சொல்லிட்டு. 9.30 மணிப் பாலை அவங்களுக்கு நிறுத்த வேண்டாம். முதல் ரெண்டு வாரம் விடியக்காலை 3 மணிக்கு ஒண்ணு ரெண்டு நாள் குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70-க்குக் கீழ வந்தா அன்னிக்கே சொல்லணும்.

ரெண்டாவது, அந்த ஏழெட்டு வீங்கின கால்ல எத்தனை மாத்திரையால வீங்குதுன்னு முதல்ல பாருங்க. பிபிக்குக் குடுக்கற அம்லோடிபின் ரெண்டு கணுக்காலையும் சரிசமமா வீங்க வைக்கும், அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். கால் எரிச்சலுக்குக் குடுக்கற பிரீகாபலின், காபாபென்டின், சக்கரைக்குக் குடுக்கற பயோகிளிட்டசோன், மூட்டுவலிக்கு அவங்களே வாங்கிப் போட்டுக்கற டைக்லோபினாக், இதெல்லாம் நீரைச் சேர்க்கும். இதுக்கு உப்பைக் குறைச்சு என்ன பலன்? மாத்திரைச் சீட்டைக் காட்டி மாத்திக் கேளுங்க. அவங்களா நிறுத்தக் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்'ங்கற அரசுத் திட்டத்து ஆளுங்க வந்து மாத்திரை குடுக்கறவங்களா இருந்தா, குடுக்க வரும்போதே வீக்கத்தைக் காட்டிச் சொல்லிடலாம்.

ஒண்ணுக்குப் போற மாத்திரை (புரூசமைடு) காலையில குடுக்கணும். ரெண்டு வேளைன்னா ரெண்டாவது பகல் 2 மணி வாக்குல. சாயங்காலம் 7-க்குக் குடுத்துட்டு ராத்திரி தூக்கம் இல்லைங்கறது பல இல்லங்கள்ல நடக்குது.

கீரை பத்தி: ரத்தம் உறையாம இருக்க வார்பரின், அசினோகுமரால் சாப்பிடறவங்களுக்குத்தான் கீரையில இருக்கற கே வைட்டமின் குறுக்க வரும். அவங்களும் கீரையை விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு ஒரே மாதிரி இருக்கணும். ஒரு வாரம் முருங்கைக்கீரை தினமும், அடுத்த வாரம் இல்லவே இல்லைன்னா ரத்தம் உறையற நேரத்தைக் காட்டற ஐஎன்ஆர் அளவு தாறுமாறா ஆடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடறவங்களுக்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாது. 'ரத்தம் இளக்கற மாத்திரை'ன்னு எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துக் கீரையை நிறுத்திடறாங்க, பாவம். பூண்டு குழம்புல போடற அளவு யாருக்கும் ஆகும். பூண்டு மாத்திரை, மஞ்சள் சாறு மாத்திரை மட்டும் இந்த மருந்துகளோட வேண்டாம், ரத்தக் கசிவு கூடும்.

உப்பு மறைஞ்சிருக்கற ரெண்டு இடம் யாரும் கணக்குல எடுக்கறதில்லை. சாப்பிட்டு வயிறு பொருமினா கரைச்சுக் குடிக்கற 5 கிராம் பொடிப் பாக்கெட்டு ஒண்ணுல, ஏறக்குறைய ரெண்டு கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கு. தண்ணியில போட்டா நுரைக்கற மாத்திரைகளும் அப்படித்தான். அப்புறம் 'சோடியம் கம்மி உப்பு'ன்னு விக்கறதுல பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பாதிச்சவங்க, ராமிபிரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன்ங்கற பிபி, இதய மாத்திரைகளைச் சாப்பிடறவங்க இருக்கற பொதுச் சமையல்ல அதைப் போடவே போடாதீங்க. பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்பே பிசகும்.

---

நடை_திருப்பூர்

உடற்பயிற்சிப் பக்கம் இருந்து கொஞ்சம்.

4.30 டீக்கு முந்தி, 3.45-ல இருந்து 4.30 வரைக்கும் வீங்கற ஆளுங்களை மட்டும் படுக்க வெச்சு, ரெண்டு தலகாணியில பாதத்தை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி வையுங்க. சேர்ந்த நீரு அப்பவே ரத்தத்துக்குத் திரும்பி, ராத்திரிக்கு முந்தியே ஒண்ணுக்காப் போயிரும். இதை ராத்திரி படுக்கும்போது மட்டும் செஞ்சா விடிய விடிய கழிப்பறைக்கு நடக்கணும், விழற பயமும் அதோட வரும். நூறடி அப்பாருக்கு இதைச் செய்யக் கூடாது. தமனி அடைச்ச காலைத் தூக்கினா வலி கூடும். அழுத்தக் காலுறையும் அதே மாதிரி, கணுக்கால் பிபி பார்க்காம யாருக்கும் மாட்டி விடாதீங்க.

6 மணியில இருந்து 10 மணி வரைக்கும் சீரியல் பார்க்கறது நின்னாலே பாதி வீக்கம் நிக்கும். நிறுத்தச் சொன்னா அடி விழும், அதனால விளம்பரம் வர்றப்ப எல்லாம் பாதத்தை மேலயும் கீழயும் 20 தடவை ஆட்டச் சொல்லுங்க. கயித்துக் கட்டில் விளிம்புல காலைத் தொங்கப் போட்டு உக்கார்றது ஆகாது. அந்தச் சட்டம் தொடைக்குப் பின்னாடி அழுத்தும். நாற்காலியில உக்காந்து பாதம் தரையில படியற மாதிரி இருக்கட்டும்.

சாப்பிட்டு 20 நிமிஷம் கழிச்சு வாசல்ல 10 நிமிஷம் மெதுவா நடை. சக்கரை ஏறறது குறையும், கெண்டைக்கால் வேலை செய்யும். ஆனா வயசானவங்க சிலருக்கு வயிறு நிறையச் சோறு தின்னா அரைமணியில இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள பிபி இறங்கித் தலை சுத்தும். அப்படி இருக்கறவங்களுக்குச் சோத்தைக் குறைச்சுப் பருப்பைக் கூட்டுங்க, நடையை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்க, தனியா விடாதீங்க.

தசை இழுக்கறதுக்கு மக்னீசியம் மாத்திரை வாங்கிக் குடுக்கற பழக்கம் பரவியிருக்கு. வயசானவங்க ராத்திரிப் பிடிப்புக்கு அது பெருசா உதவறதில்லை. படுக்கறதுக்கு முந்தி சுவத்துக்கு முன்னாடி நின்னு, ஒரு காலைப் பின்னாடி வெச்சு, குதிகால் தரையில பட முன்னாடி சாயணும், 30 நொடி, காலுக்கு மூணு தடவை. இழுத்துப் பிடிச்ச நேரத்துல பாதத்தை முழங்கால் பக்கமா மடக்கணும், உருவி விடறது அப்புறம்.

நூறடி அப்பாருக்கு மருத்துவர் சரின்னு சொன்னதும் நடைதான் மருந்து. வலி வர்ற வரைக்கும் நடந்து, நின்னு, வலி போனதும் திரும்ப நடக்கணும். நின்ன நேரமும் சேர்த்து 30 நிமிஷம், வாரத்துக்கு மூணு நாளாவது. வலிக்குதேன்னு கட்டில்ல உக்கார வெச்சா தூரம் இன்னும் குறையும்.

---

அடுப்படி_கோபி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். உப்பு டப்பாவைப் பார்த்தேன், 1 கிலோ பாக்கெட்டு சரியா 6 நாள் வருது. அது எச்சா, கம்மியா? இட்லி அன்னிக்கு எப்படிக் கணக்குப் போடறது? அரிசிம்பருப்பு 20 பேருக்கு அளவு சொல்லுங்க. வீங்கற பயத்துல தண்ணி குடிக்கறதையே நிறுத்திட்ட ஆத்தா ஒருத்தரு இருக்காரு, அதுக்கும். ஊறுகாயை எடுத்தா சோறு இறங்காதுன்னு சண்டைக்கு வர்றாங்க, அதுக்கும் ஒரு வழி வேணும்.

---

உணவியல்_ஈரோடு

1000 கிராமை 6-ஆல வகுத்தா நாளைக்கு 166, ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல. இதுல மிக்சரும் ஊறுகாயும் அப்பளமும் சேரலை. எச்சுதான்.

வெளியில வாங்கற சாமானுக்கு ஆளுக்கு 1 கிராம் ஒதுக்கிட்டா அடுப்படிக்கு 4 கிராம், 20 பேருக்கு 80. பாக்கெட்டு 12 நாளைக்கு மேல வரணும். ஒரே நாள்ல குறைச்சா தட்டு திரும்பி வரும், தெரியாம மேல உப்புத் தூவிக்குவாங்க. இந்த வாரம் 150, அப்புறம் வாரத்துக்கு 14 கிராம் குறைச்சுட்டு வந்தா ஆறாவது வாரம் 80-க்கு வந்துரும், நாக்கும் பழகிரும். தினம் காலையில அன்னைக்குள்ள உப்பை நிறுத்துத் தனி டப்பாவுல எடுத்து வெச்சுட்டுப் பெரிய டப்பாவை அலமாரியில பூட்டிருங்க. கைக் கணக்குல போட்டா ரெண்டு சமையல்காரருக்கு ரெண்டு அளவு வரும். 80-ஐ காலைக்கு 25, மத்தியானத்துக்கு 30, ராத்திரிக்கு 25-ன்னு பிரிச்சுக்கலாம்.

இட்லி அன்னிக்கு மாவுல போட்ட உப்பும் இந்த 25-க்குள்ளதான் வரணும், அங்கதான் கணக்கு உதைக்கும். 80 இட்லிக்கு வழக்கமா 20 கிராம் வாக்குல போடறீங்க, சாம்பாருக்கு 5 கிராம்தான் மிச்சம். மாவு புளிக்க உப்பு வேண்டியதில்லை. உப்பில்லாம ஆட்டிப் புளிக்க விட்டு, ஊத்தறதுக்கு முந்தி 10 கிராம் கலந்துக்கோங்க. சட்னியில புளியும் வரமொளகாயும் நல்லா இருந்தா இட்லியில குறைஞ்சது தெரியாது. வெய்யக்காலத்துல உப்பில்லாத மாவு சீக்கிரம் பொங்கிரும், புளிச்சதும் பிரிட்ஜுக்கு மாத்திருங்க.

அரிசிம்பருப்பு 20 பேருக்கு: அரிசி 1 கிலோ, துவரம்பருப்பு அரைக் கிலோ. வழக்கமா நாலுக்கு ஒண்ணு போடறதை ரெண்டுக்கு ஒண்ணு ஆக்கறோம், மாத்தம் அவ்வளவுதான். சின்ன வெங்காயம் 400 கிராம், தக்காளி 400, பூண்டு 2 முழுசு, சீரகம், மொளகு, மஞ்சத்தூளு, கருவேப்பிலை, கடலெண்ணெய் 60 மில்லி, உப்பு 20 கிராம். பருப்பைத் தனியா 20 நிமிஷம் ஊற வெச்சு, தாளிச்சதும் பருப்பை முதல்ல போட்டு ஒரு கொதி விட்டு, அப்புறம் அரிசி. மொத்தமாப் போட்டா அரிசி குழைஞ்சுரும், பருப்பு நறுக்குன்னு நிக்கும், பல்லில்லாதவங்க தட்டுல ஒதுக்கிடுவாங்க. தண்ணி ஒண்ணுக்கு மூணரை. பருப்பு எச்சா இருக்கறதால அடி பிடிக்கும், தீயைக் குறைச்சே வையுங்க. இதுல ஆளுக்கு 9 கிராம் புரதம் வரும், ஒரு வேக வெச்ச முட்டை சேர்த்தா 15. நெய் அரைத் தேக்கரண்டி மேல ஊத்தினா போதும்.

கொள்ளு அன்னிக்கு 600 கிராம், பச்சப்பயிறு கடைசல் அன்னிக்கும் அதே 600. வாரத்துக்கு ரெண்டு நாள் அது, ரெண்டு நாள் இது. களி கேட்டா ராகி மாவு ஆளுக்கு 40 கிராமுக்கு மேல வேண்டாம். சக்கரைக்கு ராகி நல்லதுன்னு தலை அளவு உருண்டை தின்னா அதுவும் மாவுதான், ஏறத்தான் செய்யும்.

தண்ணியை நிறுத்தறது வீக்கத்தைக் குறைக்காது. மலம் கட்டும், முக்கினா வயித்து அழுத்தம் கூடிச் சிரைக்குத்தான் சுமை. இதயம், சிறுநீரகம் பாதிச்சு அளவு சொல்லி இருக்கறவங்களைத் தவிர மத்தவங்களுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வாக்குல, அதுல பெரும்பகுதி சாயங்காலம் 6-க்குள்ள முடியட்டும். 7-க்கு மேல மாத்திரைக்குத் தேவையான அளவு.

ஊறுகாய்க்கு: பெரிய நெல்லிக்காய் 10, இல்லீனா மாங்கா கிடைக்கற மாசத்துல ஒரு பெரிய மாங்கா, துருவி, வறுத்துப் பொடிச்ச வெந்தயம், கடுகு, மொளகாத்தூளு, ஒரு எலுமிச்சை, 3 கிராம் உப்பு, மேல காய்ச்சுன நல்லெண்ணெய் ரெண்டு கரண்டி. 20 பேருக்கு வரும். உப்பு குறைச்சதால கெட்டுப் போகும், அன்னன்னைக்குச் செஞ்சு அன்னைக்கே முடிங்க. அப்பளம் ஒண்ணுல அரைக் கிராம் வரைக்கும் உப்பு இருக்கும், சுட்டாலும் பொரிச்சாலும் அது குறையாது. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் வையுங்க.

---

கட்டு_மருந்து_பவானி

காயம் கட்டற பக்கம் இருந்து ரெண்டு வரி சேர்த்துக்கறேன். சாப்பாட்டுக்கு உக்கார்றதுக்கு முந்தி கால் கழுவற பழக்கம் இருக்கறதால அப்பவே பாதத்தைப் பார்த்துருங்க: விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம். துடைச்சுக் காய்ஞ்சதும் தேங்காயெண்ணெய் தடவலாம், விரல் இடுக்குல தடவாதீங்க, ஈரம் நின்னு சேத்துப்புண் வரும். கால் வலிக்குதுன்னு உப்புப் போட்ட சுடுதண்ணியில காலை விடறது சக்கரைக்காரங்களுக்கு வேண்டவே வேண்டாம். சூடு தெரியாது, கொப்புளம் வந்தப்பறந்தான் தெரியும். சுடுதண்ணிப் பையும் அப்படித்தான்.

வீக்கத்தைச் சோதிக்கறதுக்கு, முன்கால் எலும்பு மேல கட்டைவிரலால 5 நொடி அழுத்தி எடுங்க. குழி நின்னா நீர். ரெண்டு கால்லயும் புதுசா வந்து, படுத்தா மூச்சு வாங்குதுன்னா இதயம், முகமும் சேர்ந்து வீங்கினா சிறுநீரகம் பார்க்கணும். ஒரே கால் மட்டும் திடீர்னு வீங்கி, கெண்டைக்கால் சூடா வலிச்சா சிரைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அந்தக் காலை உருவி விடாதீங்க. கால் திடீர்னு வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாத வலின்னா தமனி முழுசா அடைச்சிருக்கு, ஆறு மணி நேரத்துக்குள்ள காலைக் காப்பாத்தணும். இது ரெண்டுக்கும் விடியட்டும்னு காத்திருக்காம 108-ஐக் கூப்பிடுங்க. அந்த நேரத்துல டீயோ சோறோ குடுக்காதீங்க, அறுவை செய்ய வேண்டி வந்தா வெறும் வயிறா இருக்கணும்.